கோல்

கொல்கத்தாவின் பாலிகஞ்சில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் எங்கள் பட்டறை. ரிமோட்டில் ஓடும் மாதிரிப் படகுகள் செய்கிறோம். மெக்கானிக்கல் படித்துவிட்டு, எங்கள் வீட்டின் முதல் டிகிரிக்காரியான நான், இங்கே எட்டு மாதம் பெயின்ட் அடித்தேன். போன வாரம்தான் முதல்முறையாக ஒரு இழுவைப் படகை முழுசாக என்னிடம் கொடுத்தார்கள். திங்கட்கிழமை கஸ்டமர் அனன்யா தீதி முன்னால் அது ஓடினால் எனக்கு மோட்டார் மேசை. இல்லாவிட்டால் மறுபடி பிரஷ்.

வெள்ளி மாலை மோட்டாரையும், விசிறியைச் சுழற்றும் ஷாஃப்டையும் ஒரு நேரான பித்தளைக் குழாயால் இணைத்து, ஒரே கோட்டில் நிறுத்தி, எபாக்சி ஊற்றினேன். பசை இறுகும் வரை அந்தக் குழாய் அசையக் கூடாது. இறுகிய பிறகுதான் அதை எடுத்துவிட்டு வளையும் இணைப்பான கப்ளிங்கைப் போட வேண்டும்.

திங்கள் காலை வந்து பேட்டரியைச் செருகினேன். ஜார் சரியாக உட்காராத மிக்சி மாதிரி கத்தியது. பித்தளைக் குழாய் இல்லை. கப்ளிங் போட்டிருந்தது. ஷாஃப்ட் ஒரு பக்கம் சரிந்து, அப்படியே இறுகிப்போயிருந்தது.

பக்கத்து மேசை முகுந்த் முழித்தான். சனிக்கிழமை எனக்கு லீவு. அன்று காலையிலேயே சூப்பர்வைசர் சுந்தரராஜன் சார் போனில் சொன்னதைத்தான் செய்தானாம்.

"என்ன சொன்னாரு? அப்படியே சொல்லு."

"'கோல்டா ஏக்பார் தேகே நியோ'ன்னாரு. கழட்டிப் பாருன்னு நினைச்சேன். குழாயைக் கழட்டிட்டு கப்ளிங்கைப் போட்டுட்டேன்."

வங்காளத்தில் 'கோல்' என்றால் படகின் உடல். கீறல் இருக்கிறதா என்று அதை ஒருமுறை பார்த்துக்கொள் என்றிருக்கிறார். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஆறு மாதமான முகுந்துக்குத் தெரிந்தது அரைகுறை இந்தி. அதில் 'கோல்' என்றால் கழற்று. இரண்டு பேருக்கும் தமிழ் தெரியும். ஆனால் சார் பிறந்ததே இந்த ஊரில், தமிழில் பேசினால் மரியாதை குறைந்துவிடும் அவருக்கு.

பதினொரு மணிக்கு அவர் தீதியோடு வந்தார். சத்தத்தைக் கேட்டதும், புதுசாக வந்த பெண், அலைன்மென்ட் பழக்கமில்லை என்று சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் விளக்கினார். கிரீஸ் வைத்தால் ஓடிவிடுமாம். முகுந்த் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். இது ஓடாது, ஓட்டினால் ஷாஃப்ட் தேய்ந்து உள்ளே தண்ணீர் ஏறும் என்று தீதியிடம் சொன்னேன். நான் ஒட்டியது சரியாக இருந்தது, இறுகுவதற்குள் கழற்றியிருக்கிறார்கள், காரணத்தை சாரிடம் கேளுங்கள் என்றும் சொன்னேன். தீதி சாரைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார். வியாழக்கிழமை வருகிறேன் என்று தீதி கிளம்பிவிட்டார்.

கார் சத்தம் மறைந்ததும் சாருக்குத் தமிழ் வந்துவிட்டது.

"கஸ்டமர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே. போ, பெயின்ட் செக்ஷனுக்கே போ."

"போறேன் சார். இவன்கிட்ட இந்தத் தமிழ்ல பேசியிருந்தீங்கன்னா உங்க மானம் தங்கியிருக்கும்."

படகைத் தூக்கிக்கொண்டு போய் பெயின்ட் மேசையில் கவிழாமல் நிறுத்தினேன். ஹாக்சா பிளேடை எடுத்து, கல்லாகிக் கிடந்த எபாக்சியை அறுக்கத் தொடங்கினேன். தூள் கண்ணில் விழுந்தது. சார் வாசலிலேயே நின்றார். படகை என்னிடமிருந்து வாங்கவில்லை. வாங்கி, வியாழனுக்குள் சரிசெய்ய யாரிடம் கொடுப்பார்?