நெவில் குனிந்த நேரம்

விரபின் என்ற சிற்றூரின் ஹாலில் மாதாமாதம் நடக்கும் நடனத்துக்கு நெவில் ஸ்ட்ராகன்தான் தலைவர், அறிவிப்பாளர், தரை வழுக்க மெழுகுத் தூள் தூவுபவர். மற்ற நாட்களில் ஆடு விற்றுக் கொடுக்கும் தரகர். மைக் கைக்கு வந்துவிட்டால் மட்டும் அந்த ஆட்டு வாடை போய்விடும்.

அன்று மாவட்டப் பத்திரிகைக்குப் படம் எடுக்க ஒரு பெண் வந்திருந்தாள். விடுவாரா?

"இந்த வட்டத்துல வயசு கிடையாது. பதினாறும் எண்பதும் கை கோக்கும். யார் எதிர்ல வந்தாலும் ஆடியே ஆகணும். மாட்டேன்னா உட்காரணும்னு சுவத்துலயே எழுதிப் போட்டிருக்கேன். அதுதான் இந்த ஹாலோட மரியாதை."

சுவரோரம் உட்கார்ந்திருந்த மகள் டாம்சின் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா, இதையேதான் கார்லயும் சொன்னீங்க."

அவளுக்குப் பதினாறு வயது. ஒரே ஒரு தடவை வருவேன், பிடிக்கவில்லையென்றால் இனிக் கூப்பிடக் கூடாது என்று சொல்லித்தான் வந்திருந்தாள். மனைவி பிரிந்துபோன பிறகு மகளிடம் பெருமையாகக் காட்ட நெவிலுக்கு மிஞ்சியிருந்தது இந்த ஹால் ஒன்றுதான்.

அக்கார்டியன் தொடங்கியது. ஜோடி ஜோடியாக வட்டம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஆண்கள் அடுத்த பெண்ணிடம் நகர வேண்டும். படம் எடுக்கும் பெண் மேடையருகே நின்றாள். பட்டியில் ஆடு எண்ணிப் பழகிய கண் நெவிலுடையது. மேடையருகே போகும்போது தனக்கு யார் வாய்ப்பார் என்று பார்த்தார். மிஸஸ் பெட்ச். செயற்கை இடுப்பெலும்பு வைத்த கிழவி. தப்பான பக்கம் திரும்பி, காலை மிதித்து, "காலை எடுய்யா" என்று நம்மையே அதட்டுவாள். அவளுக்கு அடுத்து நீலப் பட்டுச் சட்டையில் புதிய பல் டாக்டரம்மா.

பத்திரிகையில் கிழவியோடா?

மிஸஸ் பெட்ச் இரண்டு கையையும் நீட்டியபோது, "லேஸ் அவிழ்ந்துடுச்சு" என்று முணுமுணுத்து, நெவில் வட்டத்துக்குள் ஒதுங்கி மண்டியிட்டார். ஒரு சுற்று கழித்து டாக்டரம்மாவிடம் நுழைந்துகொள்ளலாம்.

விரல்கள் லேஸைத் தேடின. இல்லை. அன்றைக்கென்று மெல்போர்னிலிருந்து வரவழைத்த, காலை நுழைத்தால் போதும் என்கிற புது ஷூ. உடனே எழுந்தால் பொய் தெரிந்துவிடும். இல்லாத லேஸுக்கு முடிச்சுப் போட்டார்.

மிஸஸ் பெட்ச் நீட்டிய கையோடு நின்றாள், பந்தியில் இலை போட்டும் சோறு வராத ஆள் மாதிரி.

டாம்சின் போனை நாற்காலியில் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "எனக்கு ஸ்டெப் தெரியாது."

"எனக்கு மட்டும் தெரியுமா? வா கண்ணு."

இருவரும் தப்பான பக்கம் திரும்பி இடித்துக்கொண்டார்கள், சிரித்தார்கள். கேமரா மின்னியது.

"உங்கப்பா என்ன, ஜெபம் பண்றாரா?" மிஸஸ் பெட்ச்சுக்குக் காது மந்தம், அதனால் குரல் பெரிது.

"லேஸ் கட்டறார்."

"அந்த ஷூவுல ஏது லேஸு?"

ஹால் சிரித்தது. டாம்சின் குனிந்து ஷூவைப் பார்த்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த சுற்றுக்கு அவளே டாக்டரம்மாவிடம் நகர்ந்தாள். வட்டத்தில் நெவிலுக்கு இடம் இல்லை.

முட்டை சாண்ட்விச்சும் தேநீருமாக இடைவேளை. "முட்டியில கொஞ்சம்..." என்று மகளிடம் ஆரம்பித்தார்.

"விடுங்கப்பா."

கடைசி வால்ட்ஸ் நடனத்தை அறிவித்துவிட்டு, எல்லாரும் பார்க்க மிஸஸ் பெட்ச் முன்னால் போய் நின்றார். "ஆடலாமா?"

"வேணாம்பா. ஆட மாட்டேன்னவ உட்காரணும்னு நீதானே சுவத்துல எழுதிப் போட்டே? உட்கார்ந்துதான் இருக்கேன்." குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "நீயும் உட்காரு. முட்டி வலிச்சிருக்கும்."

உட்கார்ந்தார். ஒரு கோதுமை விவசாயிக் கிழவரோடு சுழன்று வந்த டாம்சின், அவர்கள் பக்கம் வந்ததும் கையாட்டினாள். "அடுத்த மாசமும் வரேன், மிஸஸ் பெட்ச்."

நெவில் கேட்க ஆசைப்பட்ட வார்த்தைதான். அவரைப் பார்த்துச் சொன்னதல்ல. அவள் கண் கீழே இறங்குவதற்குள் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.