பதினேழாம் பக்கத்துக்கு ஒரு திருத்தம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையதல்ல, ஆனால் அதற்கு அளவெடுத்துச் சட்டை தைத்துப் போட்டவன் நான்.

1994 பிப்ரவரியில் எங்கள் கட்டுநர் சங்கம் முதன்முறையாகச் 'சிறந்த கட்டுமான விருது' கொடுத்தது. அம்பத்தூரில் ஒரு மாவுமில்லுக்கு மேல்மாடியில் சங்க அலுவலகம். அங்கே நான் எழுத்தர். கொஞ்சம் தமிழ் வரும் என்பதால் விழா மலரை என் தலையில் கட்டிவிட்டார்கள். அதன் பதினேழாம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது: "திரு. கங்காதரன் அவர்கள் தம் கழுகுப் பார்வையால் தூணின் ஈரத்தைக் கண்டு, உள்ளே ஒளிந்திருந்த பழுதை உணர்ந்தார்."

கழுகு என் சொந்தச் சரக்கு. மற்றது அவர் சொன்னது.

'கங்காதரன்' என்பதை அடித்துவிட்டுக் 'கன்னியம்மாள்' என்று போட்டால் திருத்தம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். போட்டுப் பார்த்தேன். அதுவும் முழுசாகச் சரியில்லை. அதனால்தான் கதை.

முதல் தொடக்கம்: கங்காதரன் விருது வாங்கிய மாலையில் அம்பத்தூரில் நல்ல மழை (பிப்ரவரியில் ஏது மழை? அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: தூண்கள் பேசுவதில்லை. ஆனால் (இதற்கு மேல் எழுத வெட்கமாக இருந்தது.)

ஆளிலிருந்தே தொடங்குகிறேன்.

2

கங்காதரனுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. திருமுல்லைவாயில்காரர். அப்பா உழுத நிலம் மனைகளாகப் பிரிந்தபோது, அந்த மனைகளிலேயே செங்கல் சுமந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, கடைசியில் கான்ட்ராக்டர் ஆனவர். பெயர்ப்பலகையில் அப்படி எழுதிக்கொண்ட பிறகும் வேலையாட்கள் அவரை 'மேஸ்திரி' என்றே கூப்பிட்டார்கள்.

1993இல் பன்னிரண்டு குடித்தனம் கொண்ட அடுக்குவீடு ஒன்று அவர் கைக்கு வந்தது. தனி வீடுகளாகக் கட்டிக்கொண்டிருந்தவருக்கு அது முதல் பெரிய வேலை. முடித்துக் கொடுக்கவேண்டிய தேதியைச் சிமென்ட் கொட்டகையின் கதவில் சாக்பீஸால் எழுதிவைத்திருந்தார். காலையில் கதவைத் திறக்கும்போதெல்லாம் அதன் முகத்தில்தான் விழிப்பார்.

கன்னியம்மாள் நெமிலிச்சேரியிலிருந்து ரயிலேறி வரும் சித்தாள். தூண்களுக்குத் தண்ணீர் காட்டுவது அவள் வேலை. புதிதாக வார்த்த கான்கிரீட் தூணைக் கோணியால் சுற்றி, ஒரு வாரம் பத்து நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் தூணுக்குப் பலம் ஏறும். யாரும் கேட்டு வாங்குகிற வேலை இல்லை. விரல் இடுக்கெல்லாம் வெந்துபோகும்.

ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை. தரைத்தளத் தூண்கள் நின்றுவிட்டன. மேலே கூரைக்குச் சென்ட்ரிங் பலகை அடித்துக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கான்கிரீட். கங்காதரன் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது கன்னியம்மாள் வந்து நின்றாள்.

"மேஸ்திரி, மூல பில்லர்ல நேத்துலர்ந்து நான் தண்ணி ஊத்தவே இல்ல. நேத்து காலைலயே கோணிய அவுத்துட்டேன். இன்னும் ஊத்திகினு கீறேன்னு அந்தத் துலுக்கானம் சும்மா என்னை ஏசறான்."

துலுக்கானம் அந்த வேலையின் தலைக்கொத்தனார்.

"ஊத்தலன்னா ஊத்தல. போய் வேலையப் பாரு."

"மத்ததெல்லாம் காஞ்சிப்போச்சி. அது மட்டும் முட்டிகிட்ட ஈரமாவே கீது. நான் ஊத்தலன்னா அந்தத் தண்ணி எங்கர்ந்து வருது?"

"போன்னு சொன்னேன்ல?"

போனாள். கால்மணி நேரத்தில் திரும்பி வந்தாள்.

"நீ வந்து பாத்தாத்தான் நான் நவுருவேன். எல்லார் எதிர்லயும் என்னை வேல தெரியாதவன்னுட்டான்."

(இந்த இடத்தில் கன்னியம்மாளுக்கு ஒரு நல்ல வசனம் கொடுக்க என் கை துடித்தது. கட்டடத்தைப் பற்றி, அதில் குடியிருக்கப்போகிற பிள்ளைகளைப் பற்றி. அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. கெட்ட பெயர் தன் மேல் விழக்கூடாது என்பதுதான் அவள் கவலை. அதை அப்படியே விடுகிறேன்.)

கங்காதரன் எரிச்சலோடுதான் போனார். மூலைத் தூணின் முன் குந்தி, ஒரு ஜல்லிக்கல்லை எடுத்து மேலே தட்டினார். கணீர் என்றது. முழங்கால் உயரத்தில் தட்டினார். பொத் என்றது. உளியை வாங்கி ஒரு போடு போட்டார். இரண்டு விரல் தடிமனுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே ஜல்லிக்கு ஜல்லி ஒட்டாமல், கையை விட்டால் அள்ளிக்கொள்ளலாம்போல இருந்தது. நடுவில் கம்பி தெரிந்தது. அந்தப் பள்ளங்களில் தேங்கிய தண்ணீர்தான் ஒரு நாளாகக் கசிந்துகொண்டிருந்தது.

துலுக்கானம் பின்னால் வந்து நின்றார். "பலகை பிரிக்கசொல்ல லேசா கூடு கட்டிகினு இருந்துச்சி மேஸ்திரி. கலவைய வெச்சி மூடிட்டேன். எல்லா எடத்துலயும் பண்றதுதானே?"

கங்காதரன் கொத்தனாராக இருந்த காலத்தில், கலவை இறங்காமல் விட்ட இப்படிப்பட்ட கூடுகள் எத்தனையை அவரே மூடியிருக்கிறார். அதில் எதுவும் இதுவரை விழுந்ததாகத் தகவல் இல்லை. மறுபடி பூசினால் அரைமணி வேலை. வெள்ளிக்கிழமை கான்கிரீட் நடக்கும். மணல்மேட்டில் உட்கார்ந்து ஒரு பீடியை முழுக்கக் குடித்தார். எழுந்து, "மேல சென்ட்ரிங்க பிரிங்கடா" என்றார். சம்மட்டியை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. தூணின் மேல் முதல் அடியை அவரே அடித்தார்.

கதவில் எழுதியிருந்த தேதி இருபத்திரண்டு நாள் தள்ளிப்போயிற்று.

3

(கவனித்தீர்களா? கங்காதரனை 'அவர்' என்றும் கன்னியம்மாளை 'அவள்' என்றும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன். கொத்தனாருக்குக்கூட 'அவர்' கொடுத்துவிட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, பேனா தானாகப் போட்டது. இங்கிருந்து மாற்றிக்கொள்கிறேன்.)

ஜனவரியில் விருதுக் குழு வந்தது. குழு என்றால் எட்மண்ட் சார். அரசுப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். குறிப்பெடுக்க நானும் கூடப் போனேன். நூறு மதிப்பெண் கொண்ட அச்சடித்த தாள் ஒன்று. அதில் சொன்ன தேதியில் முடித்ததற்கு இருபது. தாமதத்தால் அந்த இருபதையும் கங்காதரன் இழந்தார். ஆனால் வேலைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்த எட்மண்ட் சார் ஒரு வரியில் நின்றார்.

"தூணை இடிச்சிட்டு மறுபடி போட்டிருக்கீங்களா? யாரும் இடிக்கச் சொல்லாமலா?"

"ஆமா சார்."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

பத்தடி தள்ளிக் கன்னியம்மாள் மாடிப்படியைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஈரத்தைப் பாத்தேன் சார்" என்றார் கங்காதரன்.

பின்னாளில் அவர் என்னிடம் சொன்னது: பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லையாம். பார்த்தது உண்மைதானே? யார் காட்டினார்கள் என்று அடுத்த கேள்வி வந்திருந்தால் சொல்லியிருப்பாராம். எட்மண்ட் சார் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. 'ஈரத்தைக் கண்டார்' என்று குறித்துக்கொண்டேன்.

4

விருது கங்காதரனுக்குத்தான் கிடைத்தது. வேலையாட்கள் பதினைந்து பேரை வேனில் ஏற்றி அம்பத்தூர் மண்டபத்துக்கு அழைத்து வந்தார். பதினேழாம் பக்கம் மேடையில் வாசிக்கப்பட்டது. கடைசி வரிசையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கன்னியம்மாளும் கைதட்டினார். கங்காதரன் கேடயத்தை வாங்கிக்கொண்டு, "எல்லாருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டார். அவருக்கு மேடைப் பேச்சு வராது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை ஆவடியில் புது வேலை. கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மாள் நேரே அவரிடம் வந்தார்.

"மேஸ்திரி, அந்தப் பில்லர்ல ஈரத்த நீ எப்ப பாத்த?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தனக்கு முன்பே மேஸ்திரி பார்த்திருந்தால், அப்புறம் ஏன் தன்னைப் போ போ என்று விரட்டினார் என்பது அவருக்குப் புரியவில்லை.

"நீ காட்டனப்புறம்தான்."

"அத்த அவங்க படிக்கலியே."

"நான் சொல்லல கன்னிம்மா."

கங்காதரன் ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த கேடயத்தை எடுத்து நீட்டினார். "நீயே வெச்சிக்க."

"என் ஊட்ல அத்த மாட்ட செவுரு ஏது? ஓலதான் கீது." வாங்கவில்லை. "அன்னிக்கு என்னை ரெண்டு தபா வர வெச்ச. இனிமே நான் ஒண்ணு கீதுன்னா மொத தபாவே வா. அது போதும்."

"வரேன்" என்றார்.

(இங்கே முடித்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். நிறைவாக இருக்கும் என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் ஆவடியில் நடந்தது என்னை விடவில்லை.)

5

அந்த ஆண்டு ஆகஸ்ட். ஆவடிக் கட்டடத்தில் அதே நிலை: தூண்கள் நிற்கின்றன, மேலே கம்பி கட்டுகிறார்கள், மறுநாள் கான்கிரீட்.

"மேஸ்திரி, கெணத்தோரப் பில்லர்ல ஈரம் கீது."

கங்காதரன் சாப்பிட்டுக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தார். கல்லால் தட்டினார். சத்தம் கணீர் என்றும் இல்லை, பொத் என்றும் இல்லை. துலுக்கானம் இரண்டு கையையும் விரித்தார். "இன்னொரு தபா அந்தத் தப்ப பண்ணுவனா மேஸ்திரி? எம்புள்ள மேல சத்தியமா இதுல நான் கையே வெக்கல."

"நீ இன்னா சொல்ற கன்னிம்மா?"

"ஈரம் கீது. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

சென்ட்ரிங்கைப் பிரித்தார்கள். சம்மட்டி அடித்தார்கள். இரண்டு பேர் மாற்றி மாற்றி அரை நாள் அடித்த பிறகே தூண் விட்டுக்கொடுத்தது. உள்ளே கருங்கல்போல இருந்தது. ஒரு ஓட்டை இல்லை, ஒரு இடுக்கு இல்லை. பின்னால் வைத்திருந்த தண்ணீர்ப் பீப்பாயின் அடியில் மயிரிழை விரிசல். அந்த நீர்தான் தூணோரம் ஏறியிருக்கிறது.

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு துலுக்கானம் சிரித்தார். அவருக்கு அந்த உரிமை இருந்தது. கன்னியம்மாள் யாரையும் பார்க்காமல் போய்ச் சாப்பாட்டுத் தூக்கைப் பைக்குள் போட்டார். மணி மூன்றுகூட ஆகவில்லை.

கங்காதரன் அவரிடம் போனார். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்பதில் இரண்டு கதை இருக்கிறது. கங்காதரனைக் கேட்டால், "வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன் சார், பொய் சொல்லக்கூடாது" என்கிறார். கன்னியம்மாளைக் கேட்டால், "ஒண்ணும் ஏசல. பக்கத்துப் பில்லரையும் பாத்துட்டியான்னுதான் கேட்டாரு. இல்லன்னேன். பாத்துட்டுப் போன்னாரு" என்கிறார். மூன்றாவதாக ஒன்றை நானே எழுதியிருந்தேன். மிக உருக்கமான

(கிழித்துவிட்டேன்.)

மறுநாள் காலை ரயிலில் கன்னியம்மாள் வேலைக்கு வந்தார் என்பது மட்டும் இருவர் சொல்வதிலும் ஒன்றாக இருக்கிறது.

6

1995 விருதுக்கு ஆவடிக் கட்டடத்துக்கும் கங்காதரன் விண்ணப்பம் போட்டார். விண்ணப்பத்தில் 'காலதாமதத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் மழை என்றோ மணல் கிடைக்கவில்லை என்றோ நிரப்புவார்கள். கங்காதரன் தன் கையெழுத்தில், கட்டத்தை மீறிப்போய், இப்படி எழுதியிருந்தார்:

"தண்ணீர் காட்டும் கன்னியம்மாள் தூணில் ஈரம் இருப்பதாகச் சொன்னார். உடைத்தோம். தூண் நன்றாகத்தான் இருந்தது. போன வருஷம் விருது வாங்கிய கட்டடத்தின் தூணிலும் ஈரத்தைப் பார்த்தது அவர்தான்."

எட்மண்ட் சார் அதைப் படித்துவிட்டு என்னை ஆவடிக்குக் கூட்டிப்போனார். நான் நேரில் பார்த்தது போக, உங்களுக்குச் சொன்ன மற்றதெல்லாம் அன்றைக்கு இருவரிடமும் கேட்டதுதான். சங்க அலுவலகத்துக்குத் திரும்பி வந்து எட்மண்ட் சார் மதிப்பெண் தாளை மேசையில் விரித்தார். கீழே மாவுமில் ஓடிக்கொண்டிருந்தது. மேசை லேசாக அதிர்ந்தது.

"நல்ல தூணை இடிச்சதுக்கு எத்தனை போடறது?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. "தப்பு இருந்ததைக் கண்டுபிடிச்சா மார்க் போடறோம். தப்பு இல்லாததை இடிச்சா வீண்செலவுங்கறோம். ஆனா, இந்தத் தபா அவர் போகாம இருந்திருந்தா, அடுத்த தபா அந்தம்மா வாயைத் திறப்பாங்களா?"

'வேலை நேர்த்தி' என்ற கட்டத்துக்கு எதிரே பென்சிலை வைத்தார். எடுத்தார். இருபதுக்கு என்று அச்சடித்திருந்த இடத்தை வெறுமையாக விட்டு, தாளை என் பக்கம் நகர்த்தினார்.

அவர் கடைசியில் எத்தனை போட்டார், விருது யாருக்குப் போயிற்று என்பது எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. சொன்னால் அது எட்மண்ட் சாரின் தீர்ப்பாகிவிடும். நானும் ஒருமுறை யாரோ சொன்னதைக் கேட்டு எழுதிவிட்டு இத்தனை தூரம் வந்திருக்கிறேன்.

தாள் இப்போது உங்கள் முன்னால் இருக்கிறது. ஆவடி, கிணற்றோரத் தூண், உடைத்துப் பார்த்ததில் பழுதில்லை. இருபதுக்கு எத்தனை? போட்டுவிட்டு, பக்கத்தில் யார் பெயருக்கு என்பதையும் எழுதிவிடுங்கள்.