மிச்சம் வைத்த தட்டு

கொரோனா வந்து அறைக்குள் ஒதுங்கிய ஐந்தாவது நாளும் அவர் பாதிச் சோற்றை மிச்சம் வைத்திருந்தார். அவித்த முட்டையில் ஒரு கடிதான் குறைந்திருந்தது.

"நாக்கு செத்துப்போச்சு," என்றார் மூடிய கதவுக்குள்ளிருந்து. "உப்பும் தெரியல, காரமும் தெரியல. கல்யாணமான புதுசுல நீ சமைச்ச மாதிரியே இருக்கு."

"வாய் மட்டும் சாகல," என்றாள் அவள்.

கூடத்தில் ஆன்லைன் வகுப்பில் இருந்த மகள் சிரித்துவிட்டாள். உடனே அதட்டினாள். "அம்மா, கையுறை!"

முறைகளை வகுத்தது மகள்தான். தட்டை அறை வாசல் ஸ்டூலில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். அவர் சாப்பிட்டுத் திருப்பி வைத்ததும் மிச்சத்தைப் பையில் கொட்டி, இரண்டு முடிச்சுப் போட்டு, தட்டைக் கொதிநீரில் முக்க வேண்டும். பதினைந்து வயதுக்கு அவளிடம் பதற்றமே இல்லை. சிறு வயதிலிருந்தே இளைப்புக்காரி. மூச்சு விடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த வீட்டில் அவளுக்குத்தான் தெரியும்.

மகள் வகுப்புக்குத் திரும்பியதும் அவள் தட்டோடு பின்வாசலுக்குப் போனாள். கதவை ஒருக்களித்தாள். வலது கையுறையைக் கழற்றினாள். நின்றபடி, மெல்லாமல், அவர் கடித்த முட்டையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் தின்றாள். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. ருசி அவளுக்கும் தெரியவில்லை. பை தட்டையாக இருந்தால் மகள் பார்த்துவிடுவாள். பழைய செய்தித்தாளை நனைத்துக் கசக்கி உள்ளே போட்டு, இரண்டு முடிச்சுப் போட்டாள். அடுத்தது குளியலறை. குழாயை முழுக்கத் திறந்துவிட்டால், விரல் விட்டு வாந்தி எடுப்பது வெளியே கேட்காது. முகம் கழுவி நிமிர்ந்தபோது கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் தலைவாரக்கூட அவளுக்குப் பழகிவிட்டது.

முன்பு இதற்கென்று ஒரு நேரம் இருந்தது. அவள் வரவேற்பாளராக இருந்த பல் ஆஸ்பத்திரி ஒரு மணிக்கு மூடி நாலு மணிக்குத் திறக்கும். நடுவில் வீடு காலி. ஒருமுறை டாக்டர் அவள் பற்களின் உட்புறம் அரித்திருப்பதைப் பார்த்துவிட்டு, "எலுமிச்சம்பழம் நிறைய சாப்பிடுவீங்களோ?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னாள். இப்போது ஆஸ்பத்திரியும் மூடிக் கிடக்கிறது, வீடும் காலியாவதில்லை. ரொட்டியில் எத்தனை துண்டு இருக்கிறது என்பதுகூட மகளுக்குத் தெரியும். யாரும் தேடாத சோறு அந்தத் தட்டில் இருப்பது மட்டும்தான்.

ஆறாவது நாள் விழித்தபோது எச்சில் விழுங்க முடியவில்லை. பக்கத்தில் மகள் அவள் தோளில் முகம் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரல் விரலாகத் தோளை விடுவித்து எழுந்தாள்.

பத்து மணிக்குச் சுகாதாரப் பணியாளர் வழக்கம்போலப் போனில் கூப்பிட்டாள். மகள் ஸ்பீக்கரில் போட்டு, பேனாவோடு உட்கார்ந்தாள்.

"வீட்ல வேற யாருக்காவது ஏதாவது இருக்கா?"

"இல்ல மேடம். நாங்க ரொம்ப சரியா இருக்கோம்."

"எனக்கு இருக்கு," என்றாள் அவள், சமையலறைச் சுவரோடு ஒட்டி நின்று. "தொண்டை வலி. உடம்பும் சுடுது. பாப்பா, நீ கிட்ட வராத. சன்னல்கிட்ட போ."

"கிட்டப் போனீங்களாம்மா அவர்கிட்ட?" என்றது போன்.

"இல்ல."

மகளின் முகம் மெல்லக் கோணியது. "என்னாலதான். செவ்வாய்க்கிழமை ஸ்கூல் டெஸ்ட் இருந்துச்சுன்னு தட்ட சும்மா பச்சத்தண்ணில கழுவிட்டேன். சொல்லல. என்னாலதாம்மா." அழுகையில் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது. கை தானாக இன்ஹேலரைத் தேடியது.

பேசாமல் இருந்துவிடலாம். அந்த எண்ணம் வந்தது. வந்ததை அவள் கவனித்தாள்.

"நீ இல்ல. அப்பா வைக்கிற மிச்சத்த நான் தின்னேன். தினமும்."

"சோத்த வீணாக்க மனசு வரலையாக்கும்," என்றாள் பணியாளர் கனிவாக. "எங்கம்மாவும் இப்படித்தான்."

அறைக்குள்ளிருந்து இருமலும் சிரிப்புமாக அவர் குரல் வந்தது. "அடி பைத்தியக்காரி, என் எச்சிலையா? புதுசுல இல்லாத ஆசை இப்பவா வரணும்?" கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது.

ஒரு நொடியில் அவளை நல்ல மனைவியாக்கிவிட்டார்கள். தலையாட்டினால் போதும். மகள்கூட மூக்கை உறிஞ்சியபடி சிரிக்கத் தயாராக இருந்தாள்.

"ஆசையில்லங்க," என்றாள் கதவைப் பார்த்து. காது மடல் எரிந்தது. "பசியும் இல்ல. இது இப்ப வந்ததும் இல்ல. பாப்பா பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து இருக்கு."

"என்னம்மா? சரியாக் கேக்கல," என்றது போன்.

மகள் ஸ்பீக்கரை அணைத்தாள். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. கதவின் அடி இடுக்கில் தெரிந்த வெளிச்சக் கோட்டில் இரண்டு பாதங்களின் நிழல் வந்து நின்றது.