பெட்ரோனெல்லாவுக்குக் காதுகுத்து

"அய்யா, இம்புட்டுத் தண்ணி இங்கன சும்மா கெடக்கே, நம்ம ஊரப் பத்தி இதுக்கு யாரும் சொல்லலையா?"

இராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் தகப்பனாரின் தோளில் உட்கார்ந்துகொண்டு சத்யப்பிரியா இப்படிக் கேட்டபோது, அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகவில்லை. தகப்பனார் பொன்னுச்சாமி சாயல்குடிக்கு மேற்கே மிளகாய் போடுகிறவர். மேகம் வந்தால் கும்பிடுவார். அது பெய்யாமல் போனாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"ஒரு நாளைக்கு ஒன்னைய அது மேலயே கூட்டிட்டுப் போறேன் தாயி. நீயே நேர்ல சொல்லிரு" என்றார்.

குழந்தை கடலைமிட்டாயைப் பார்த்ததும் அதை மறந்துவிட்டது. வாக்குக் கொடுத்தவர் மறக்கவில்லை.

சத்யப்பிரியா படித்து, நர்சாகி, மலேசியாவுக்கு வேலைக்குப் போனாள். மகளைப் பார்க்கப் போன பொன்னுச்சாமியை அவள் லங்காவித் தீவுக்குச் சுற்றிப் பார்க்க அழைத்துப் போனாள். அங்கே துறையில் வெள்ளை வெள்ளையாகப் பாய்மரப் படகுகள் நின்றன. ஒன்றில் மட்டும் விற்பனைக்கு என்று அட்டை தொங்கியது. உள்ளே கொர்னேலிஸ் என்ற டச்சுக்காரக் கிழவர் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். படகுக்கு அவர் மனைவியின் பெயர், பெட்ரோனெல்லா. அந்த அம்மாள் போன பிறகு அவருக்குக் கடலில் ஓட மனமில்லை.

பொன்னுச்சாமிக்கு டச்சு தெரியாது. கிழவருக்குத் தமிழ் தெரியாது. வெறும் ரொட்டி தின்கிறாரே என்று இவர் பையிலிருந்த மிளகாய் ஊறுகாயை எடுத்துக் கொடுத்தார். கிழவர் ஒரு முழு மிளகாயை வாயில் போட்டார். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டார். அந்த நேரத்திலேயே வியாபாரம் பாதி முடிந்துவிட்டது என்று சத்யப்பிரியா பின்னால் சொல்வாள்.

"அய்யா, ஒங்களுக்கு நீச்சலே தெரியாதே!"

"படகுக்குத் தெரியும்ல தாயி."

விலை பேசி வாங்கிய பெட்ரோனெல்லா ஒரு சரக்குக் கப்பலின் தளத்தில் ஏறித் தூத்துக்குடிக்கு வந்தாள். அங்கே சுங்கத்தைக் கட்டி, கூலிக்கு ஆள் வைத்து, மண்டபம் ஊரின் தென்கடற்கரையில் ஒரு சிறு சிமெண்டுத் துறையில் கொண்டுவந்து கட்டினார்கள். மீன்பிடிக்கிறவர்கள் அவள் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "பெட்ரோல் இல்லா" என்றார்கள். பாயில் ஓடுகிற படகுக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

இனிப் பதிவு மட்டும்தான் பாக்கி. ஆனி முடிவதற்குள் இந்தியப் படகாகப் பதியவேண்டும். இல்லையென்றால் வந்த வழியே நாட்டை விட்டு அனுப்பிவிட வேண்டும். ஆனிக் கடைசியில் சத்யப்பிரியா விடுமுறைக்கு வருகிறாள். பொன்னுச்சாமி அத்தனை காகிதங்களையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, சாமியைக் கும்பிட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே பூமிநாதன் என்ற அதிகாரி இருந்தார். அவருக்குக் கோபப்படத் தெரியாது. அதனால் அவரோடு யாரும் சண்டையும் போட முடியாது. காகிதங்களைப் புரட்டியவர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், மனச தேத்திக்குங்க. உங்க படகு முங்கிப்போச்சு."

பொன்னுச்சாமி துள்ளி எழுந்தார். "எப்ப சார்? காலையில பாத்துட்டுத்தான வாரேன்!"

"இன்னைக்கு இல்ல சார். சித்திரையில. நடுக்கடல்ல."

"சித்திரையில அது கப்பல் மேல ஏறி வந்துக்கிட்டு இருந்துச்சு சார்."

"அப்ப கப்பல்ல இருக்கும்போதே முங்கியிருக்கு" என்றார் பூமிநாதன் வருத்தத்தோடு.

விஷயம் இதுதான். ஒரு படகு ஒரே சமயத்தில் இரண்டு நாட்டுப் படகாக இருக்க முடியாது. பழைய நாட்டில், அதாவது கொர்னேலிசின் டச்சு நாட்டில், பேரை நீக்கிவிட்டதாகச் சான்று வந்தால்தான் இங்கே பதியலாம். அதற்கான படிவத்தில் நீக்கக் காரணம் கேட்ட இடத்தில், 'வெளிநாட்டாருக்கு விற்கப்பட்டது' என்ற கட்டத்துக்குக் கீழே 'மூழ்கிவிட்டது' என்ற கட்டம் இருந்தது. கொர்னேலிஸ் கிழவர் கீழேயிருந்த கட்டத்தில் குறி போட்டுவிட்டார்.

"முங்கினது மறுபடி மெதந்து வந்துச்சுன்னு எழுதிக்கலாமா சார்?"

பூமிநாதன் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்ல சார். அவங்கதான் திருத்தித் தரணும். ஆனிக்குள்ள வரலேன்னா படகத் திருப்பி அனுப்பணும்."

"முங்கின படகு எப்படி சார் திரும்பிப் போகும்?"

"அதுக்கு மட்டும் மெதக்குதுன்னு எடுத்துக்கலாம் சார்."

பொன்னுச்சாமி மண்டபத்துக்கு வந்து துறையில் உட்கார்ந்தார். முங்கிப்போன படகு அவர் முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இலங்கை அகதிகள் முகாமின் கடைசி வரிசை. கனகேஸ்வரி என்ற பெண் பூவரச மரத்துக்கும் ஒரு கம்பத்துக்கும் நடுவில் கட்டிய நீலக் கயிற்றில், எட்டாமல் எக்கி எக்கித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். செம்பு நிறையக் கொண்டுவந்தாள். குடித்துவிட்டுத் தன் குறையைச் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. காகிதத்தில இல்லாமல் உயிரோட இருக்கிறது எப்பிடி எண்டு எங்களைக் கேளுங்கோ. நாங்கள் நல்லாப் பழகியிட்டம். உங்கட படகும் பழகிக்கொள்ளும்."

அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பதா என்று கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

டச்சு நாட்டுக்குத் திரும்பிவிட்ட கொர்னேலிசுக்குச் சத்யப்பிரியா தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர் எடுக்கவில்லை. செய்தி அனுப்பினாள். பதில் இல்லை.

அதற்குள் ஊருக்குச் சேதி போய்விட்டது. எப்படிப் போனதோ, 'பொன்னுச்சாமி கப்பல் முங்கிருச்சு' என்றே போனது. சொந்தக்காரர்கள் தோளில் துண்டோடு துக்கம் விசாரிக்க வந்தார்கள். "படகு நல்லாத்தான் இருக்கு" என்று பொன்னுச்சாமி சொன்னால், "ஆமாமா, அப்படித்தான் மனசத் தேத்திக்கணும்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் மனைவி நாகலெட்சுமி காப்பி போட்டே களைத்துப்போனாள்.

கடைசியில் அவள்தான் ஒரு வழி கண்டாள்.

"எங்க பெரியப்பா ஒருத்தரு, ரயிலு கவுந்ததுல செத்துட்டாருன்னு கருமாதியே பண்ணிட்டாக. அன்னைக்குப் பாத்து ஆளு நடந்து வந்து, அவரு கருமாதி வடைய அவரே தின்னாரு. செத்ததாக் கணக்காகிப் போனவுகள அப்படியே வீட்டுக்குள்ள விடலாமா? பெரியவுக கூடி, மறுபடி பெறந்த பிள்ளையா வச்சு, பேர் வச்சு, காது குத்தி, அப்பறந்தான் உள்ள விட்டாக. மீசையோட தொட்டில்ல படுத்திருந்தாரு பெரியப்பா."

"அதுக்கு?"

"பெட்ரோனெல்லாவும் செத்துப் பொழச்ச பிள்ளைதான? காது குத்துவோம்."

"படகுக்கு ஏதுடி காது?"

"மொகத்துல கயிறு மாட்ட ஒரு வளையம் இருக்குல்ல, அதான் காது."

"தாய்மாமன் மடி வேணுமே?"

"ஏன், என் தம்பி சேதுபதி சும்மாதான சுத்துறான்?"

சேதுபதி பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். படகை மடியில் வைக்க முடியாது என்பதால், அவனைப் படகின் மூக்கில் உட்கார வைத்தார்கள். கடல் லேசாக ஆடியது. சேதுபதிக்கு முகம் வெளுத்தது.

"மச்சான், சீக்கிரம் குத்துங்க. எனக்குக் கொடலைப் பெரட்டுது."

"ஏலே, தாய்மாமன் வாந்தி எடுத்தா பிள்ளைக்கு ஆகாதுடா. அடக்கிக்க!" என்றாள் நாகலெட்சுமி.

என்ன பெயர் வைப்பது என்ற பேச்சு வந்தது. சேதுபதி, பல்லைக் கடித்துக்கொண்டு, குலதெய்வத்தின் பெயரைச் சொன்னான். நாகலெட்சுமி கொஞ்ச நேரம் படகின் பின்புறத்தில் எழுதியிருந்த எழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"வேணாம். அந்தப் பெரியவரு பொண்டாட்டி பேர ஆசையா எழுதியிருக்காரு. நாம அழிச்சா, அந்தம்மாவ ரெண்டாந்தடவ எடுத்துட்டுப் போன மாதிரி ஆயிரும். அதே பேரு இருக்கட்டும்."

காதில் மூன்று முறை பெயரைச் சொல்லவேண்டும். காற்று அடித்ததால் பொன்னுச்சாமி உரக்கவே சொன்னார். "பெட்ரோனெல்லா! பெட்ரோனெல்லா! பெட்ரோனெல்லா!"

தூரத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு வள்ளம் சட்டென்று திரும்பி, வேகமாக அவர்களிடம் வந்தது. ஒருவர் கேனைத் தூக்கிக் காட்டினார்.

"பெட்ரோல் இல்லன்னு சத்தம் போட்டீகளே! எங்ககிட்ட டீசல்தான் இருக்கு. ஆகுமா?"

"இது காத்துல ஓடுற படகுண்ணே."

"பெறகு எதுக்கய்யா உசிரு போற மாதிரி கத்துனீக?"

"காது குத்துறோம்."

வள்ளத்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காரணம் புரியவில்லை என்றாலும் நல்ல காரியம் என்று புரிந்தது. ஆளுக்கொரு கைப்பிடி சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொண்டு, படகை வாழ்த்திவிட்டுப் போனார்கள். அப்போதுதான் சேதுபதி வாந்தி எடுத்தான். நல்லவேளை, காது குத்தி முடிந்திருந்தது.

நாகலெட்சுமியின் பக்கத்து வீட்டுப் பெண் எல்லாவற்றையும் செல்போனில் பிடித்திருந்தாள். சத்யப்பிரியா அதற்கு ஆங்கிலத்தில் விளக்கம் எழுதி, பதில் சொல்லாத அந்தக் கிழவருக்கு அனுப்பி வைத்தாள்.

நாட்கள் போயின. பதில் வரவில்லை. பூமிநாதன் ஒரு நாள் கூப்பிட்டார்.

"சார், நாளைக்கு எனக்கு லீவு. நானே வந்து படகப் பாக்குறேன். மெதக்குறதக் கண்ணால பாத்தேன்னு ஒரு குறிப்பு எழுதி வச்சா, அந்தச் சான்றுக்கு எதிரா நிக்கும். படகு கட்டாயம் அங்க இருக்கணும் சார்."

"எங்க சார் போயிரப்போகுது?" என்றார் பொன்னுச்சாமி.

அன்றைக்கு மதியமே தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பிவிட்டது. சாயல்குடியில் பனைகள் தலைவிரித்து ஆடின. மிளகாய்க் கொட்டகையின் தகரம் ஒன்று பறந்து போனது. பேருந்து நின்றுவிட்டது. பொன்னுச்சாமி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். படகு இப்போது முங்கினால், அந்தக் காகிதம் உண்மையாகிவிடும். மகளுக்குக் கொடுத்த வாக்கும் அதோடு முங்கிவிடும். நாகலெட்சுமி விளக்கேற்றி, இராமநாதசுவாமியிடம், "குத்துன காதோட குடுத்துருப்பா" என்று வேண்டிக்கொண்டாள்.

விடிந்ததும் மண்டபத்துக்கு ஓடினார்கள். பூமிநாதன் முன்னாலேயே வந்து துறையில் நின்றுகொண்டிருந்தார்.

படகு இருந்தது.

பின்கயிறு அறுந்து தண்ணீரில் தொங்கியது. அந்த இடத்தில் வேறொரு கயிறு, பலமாக மடித்துப் பல சுற்று சுற்றி, துறையின் இரும்புக் கம்பியோடு படகை இறுக்கிக் கட்டியிருந்தது. நீல நைலான் கயிறு. அதில் துணிக்குப் போடும் கிளிப்புகள்கூடக் கழற்றப்படாமல் இருந்தன.

பூமிநாதன் குனிந்து பார்த்தார். "இது படகுக்கயிறு மாதிரித் தெரியலையே சார்?"

"இல்ல சார்" என்றார் பொன்னுச்சாமி. கயிற்றிலிருந்த ஒரு கிளிப்பைத் தொட்டுப் பார்த்தார்.

'படகு மிதக்கிறது. நேரில் பார்த்தேன்' என்று பூமிநாதன் எழுதிக்கொண்டார். கிளிப்புகளைப் பற்றி எழுதவில்லை.

பொன்னுச்சாமி முகாமின் கடைசி வரிசைக்குப் போனார். துணிகள் கருவைச் செடிகள் மேல் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு பாவாடையில் முள் ஏறிக் கிழிந்திருந்தது. மரத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

"தங்கச்சி, அந்தக் கயிறு..."

கனகேஸ்வரி அவசரமாகச் சுற்றுமுற்றும் பார்த்தாள். முகாமில் இருக்கிறவர்கள் நினைத்த நேரத்தில் துறைக்குப் போய்ப் படகைத் தொட்டால் ஆயிரம் கேள்வி வரும்.

"நான் ஒண்டும் அறியேன் அண்ணை. காத்துக் கொண்டுபோய்க் கட்டியிருக்கும்."

"காத்து முடிச்சும் போடுமா?"

"இந்தப் பக்கத்துக் காத்துப் போடும்."

அதற்குமேல் கேட்பது அவளுக்குத் தொந்தரவு என்று அவருக்குப் புரிந்தது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

இரண்டொரு நாளில் சத்யப்பிரியா கூப்பிட்டாள். அவளுக்குச் சிரிப்பில் பேச்சே வரவில்லை.

"அய்யா, தாத்தா பேசிட்டாரு! படகு வித்த அன்னைக்கு மூக்குக்கண்ணாடி மேல உக்காந்துட்டாராம். கண்ணு தெரியாமத்தான் முங்கிருச்சுன்னு குறி போட்டுட்டாரு. நம்ம போனை எடுக்காததுக்குக் காரணம் வேற. பேர அழிச்சுட்டோம்னு சொல்லத்தான் கூப்புடுறோம்னு பயந்திருக்காரு. காதுகுத்து வீடியோவப் பாத்தாராம். பாத்துட்டு, பக்கத்து வீட்டுல கண்ணாடிய எரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு நேரா ஆபீசுக்குப் போய்ச் சரி பண்ணிட்டாரு. நம்ம மாமாவுக்கு இப்ப வயிறு தேவலையான்னு கேட்டாரு."

திருத்திய சான்று வந்தது. ஆனி முடியும் முன்னால், அதைப் பதிவாக்கிப் பூமிநாதன் கையெழுத்துப் போட்டார். "சார், பொழச்சுக்கிச்சு" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

சத்யப்பிரியா வந்தாள். ஓட்டத் தெரிந்த ஆளோடு, காற்று சாந்தமாக இருந்த ஒரு காலையில் புறப்பட்டார்கள். சேதுபதி கரையிலிருந்தே கையாட்டினான். பாய் விரிந்ததும் சத்யப்பிரியா ஓரமாகக் குனிந்து, தண்ணீரில் கைவைத்து என்னமோ முணுமுணுத்தாள்.

"என்ன தாயி சொல்ற?"

"நம்ம ஊருக்கு வழி சொல்றேன் அய்யா. சாயல்குடி விலக்குல மேக்க திரும்பணும்னு."

பொன்னுச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடல்நீர் தெறித்துவிட்டது என்று சொன்னார்.

மறுநாள் அவர் தனியாக மண்டபத்துக்கு வந்தார். முகாமில் தண்ணீர் லாரி வந்திருந்தது. குடத்தோடு எல்லாரும் வாசல் பக்கம் போயிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒருவரும் இல்லை. அவர் மஞ்சள் பையிலிருந்து அந்த நீலக் கயிற்றை எடுத்தார். தன் ஊரில் அரிதாகக் கிடைக்கும் நல்ல தண்ணீரில், உப்புப் போக இரண்டு முறை அலசி, நிழலில் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார். பூவரச மரத்தில் ஒரு முனையைக் கட்டினார். மறுமுனையைக் கம்பத்தில் கட்டப் போனவர், அவள் எக்கி எக்கித் துணி போட்டது நினைவுக்கு வர, மரத்தில் கட்டியதையும் அவிழ்த்து, இரண்டு பக்கமும் ஒரு சாண் தாழ்த்திக் கட்டினார். இழுத்துப் பார்த்தார். கிளிப்புகளை ஒவ்வொன்றாக மாட்டினார்.

பிறகு, காற்று வந்து போவதைப் போலப் போய்விட்டார்.