வீக்கம் வடிந்த மத்தியானம்

நர்ஸ் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது அவள், கட்டிலில் கிடந்த தன் கணவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூளை வீக்கம் வடியறதுக்கு மருந்தோட அளவைக் கூட்டியிருக்கும்மா. மத்தியானம் கொஞ்சம் தெளிவா இருந்தாலும் இருப்பார். பேசறதுன்னா பேசிடுங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் இந்த ஊசிக்குச் சம்மதித்தாள். தெளிந்தால் எந்த மனிதர் கண் விழிப்பாரோ.

பஸ் டிப்போவில் மெக்கானிக் அவர். அங்கே அவருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? சாப்பாடு, சாவி, சட்டை, இவ்வளவுதான் பேச்சு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். அவளும் சுவரோடு பேசிப் பழகிவிட்டாள்.

அந்த மனிதர் போன வருஷம் தலைகீழாக மாறினார். சமையற்கட்டுக்கு வந்து பின்னால் நின்றார். ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா நான் நடுத்தெருவுலதான்டி நின்னிருப்பேன்" என்றார். கடைத்தெருவில் எல்லோரும் பார்க்க அவள் தோளில் கை போட்டார். "கிழவனுக்கு இப்பத்தான் கல்யாணம் ஆச்சு போல" என்று டிப்போக்காரர்கள் கேலி செய்தார்கள். அவள் தலைகால் புரியாமல் திரிந்தாள். காலையில் எழுந்ததும் அவருக்கு வந்த தலைவலியும் வாந்தியும் வெறும் பித்தமாகத்தான் தெரிந்தன. ஒருநாள் கையில் ஸ்பேனரோடு, கால்சட்டை நனைந்தது கூடத் தெரியாமல் அவர் நின்ற பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

"குணத்துல ஏதாவது மாற்றம் தெரிஞ்சுதா?" என்று டாக்டர் கேட்டார்.

"முன்னைக்கு இப்போ பாசமா இருக்கார் டாக்டர்" என்றாள் கூச்சத்தோடு.

டாக்டர் சிரிக்கவில்லை. அதையும் தலைவலிக்குக் கீழே எழுதிக்கொண்டார். ஸ்கேனும் சதைப் பரிசோதனையும் முடிந்த பிறகு, தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "இதுக்குப் பின்னாடி கட்டி இருக்கு. வேற எங்கேயிருந்தோ பரவினதில்ல, மூளையிலேயே முளைச்ச வகை. ரொம்ப வேகமா வளருது. நம்ம கூச்சத்தை, அடக்கத்தைப் பிடிச்சு வைக்கிற இடம் அது. அங்க வந்தா சிலர் கண்டபடி கோபப்படுவாங்க. சிலர் இப்படி."

இப்படி! அவள் வாழ்ந்த ஒரே வருஷம் அந்தச் சொல்லோடு போயிற்று. உள்ளே பூட்டி வைத்திருந்ததுதான் வெளியே வந்ததா, இல்லை எல்லாமே நோய் பேசின பேச்சா? டாக்டரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. வேறு யாரிடமும் சொல்லவும் இல்லை.

மத்தியானம் அவர் கண் தெளிந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த பழைய கண்.

"ஏங்க, நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன."

அவள் குனிந்தாள். "போன வருஷமெல்லாம் என்கிட்ட என்னென்னவோ சொன்னீங்களே. அதெல்லாம் நீங்களாத்தானே சொன்னீங்க?"

அவர் அவளைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"சத்தமா இருக்கு. கதவைச் சாத்து" என்றார்.

எழுந்து போய்ச் சாத்தினாள். திரும்பி வந்தபோது சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கிவிட்டிருந்தார். அந்தத் தூக்கம் கலையவே இல்லை. பொழுது சாய்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

வீட்டில் கிடத்தியிருந்தார்கள். நாத்தனார் அழுது ஓய்ந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கடைசி கடைசியா உங்களை என்னமா தாங்கினாரு! போகும்போது என்ன அண்ணி சொன்னாரு?"

பெண்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"நீ இல்லன்னா நான் நடுத்தெருவுலதான்டி நின்னிருப்பேன்னாரு."

கூடம் முழுக்க அழுகை கிளம்பியது. நாத்தனார் மூக்கைச் சிந்தினாள். "எங்கண்ணனா? நெசமா எங்கண்ணனா அப்படிச் சொன்னாரு?"

"அவர்தான்" என்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல், கால் பக்கம் விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டாள்.