மழையில் நனையாத வரைபடம்

மனு பதிவாகிவிட்டது என்ற மெசேஜ் தேவயானியின் செல்போனுக்குத்தான் வந்தது. கன்னிகாவுக்கு வயிறு எரியத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

பள்ளிக்கூடத்தருகே வேகத்தடை வேண்டும், ‘பள்ளி உள்ளது, மெதுவாகச் செல்லவும்’ என்று பலகை வேண்டும் என்று மனு எழுதியவள் கன்னிகா. ஆந்திராவில் வரதய்யபாளையத்தைத் தாண்டியிருக்கும் அவர்கள் ஊர் வழியாகக் கம்பெனி பஸ்களும் டிப்பர் லாரிகளும் பகலெல்லாம் பறக்கின்றன. ஆடி மாதத்தில் ஒரு டிப்பர் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் புத்தகப்பையைக் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போனது. பை போனது, பிள்ளை பிழைத்தது. கன்னிகாவின் மகள் ரக்ஷிதாவும் அதே மூன்றாம் வகுப்புதான்.

கன்னிகா ஒன்பது நாள் சாலையோரம் நின்று வண்டிகளை எண்ணினாள். பொருள், பார்வை, கோரிக்கை என்று பிரித்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் நான்கு பக்கம் எழுதினாள். எல்லாம் தமிழில். அவள் பத்தாவது வரை படித்ததே தமிழ் மீடியம். தெலுங்கில் கொடுத்தால்தான் காகிதம் சீக்கிரம் நகரும் என்று எல்லோரும் சொன்னார்கள். பக்கத்து வீட்டு தேவயானி பாகாலாவில் பிறந்து தெலுங்கு மீடியத்தில் படித்தவள். அவள் உட்கார்ந்து தெலுங்கில் எழுதிக் கொடுத்தாள். கலெக்டர் ஆபீஸில் அர்ஜி என்று மனு வாங்கும் திங்கட்கிழமை இருவரும் திருப்பதிக்கு பஸ் ஏறினார்கள். கவுண்டரில் பெயர் கேட்டார்கள், தெலுங்கில். வாய் திறந்தவள் தேவயானி. பெயரும் அவளுடையது, நம்பரும் அவளுடையது என்று பதிவாகிவிட்டது.

அடுத்த வாரம் உள்ளூர்ப் பேப்பரில் மனு கொடுக்கும் படம் வந்தது.

“பாத்தியா கன்னிகா, நம்ம போட்டோ.”

“நம்ம எங்க கீறோம்? நீ மட்டும்தான் கீற, அக்கா.”

“ஓரத்துல பாரு. உன் முழங்கை.”

முழங்கைதான். வளையலோடு. அதற்குப் பிறகு டீக்கடை சிட்டிபாபு, தேவயானி கடைப்பக்கம் வந்தாலே, “எழுந்திரிங்கப்பா, ஸ்பீட் பிரேக்கர் அம்மா வர்றாங்க” என்று பெஞ்சைத் துடைத்துப் போட்டான். வண்டி எண்ணி நின்ற ஒன்பது நாளும் கன்னிகாவுக்கு யாரும் அந்த பெஞ்சில் இடம் கொடுத்ததில்லை.

ஐப்பசியில் இரண்டாவது மெசேஜ் வந்தது. தேவயானி வாசலில் நின்றபடியே கேட்டாள்.

“தடை எங்க போடணும்னு ஒரு படம் வரஞ்சியே, அதக் குடு. ஆபீஸ்ல கேக்கறாங்க.”

“அதுவா? மழையில நனஞ்சிபோச்சி, அக்கா. மையெல்லாம் எறங்கிடுச்சி.”

“இன்னொண்ணு போடேன்.”

“கைவேலயா கீறேன்.”

“சரி வுடு. ஸ்கூல் எதுருலன்னு சொல்லிக்கறேன்.”

வரைபடம் ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. அதையும் கொடுத்துவிட்டால் தனக்கென்று மிச்சம் என்ன என்று கன்னிகா நினைத்தாள்.

பொங்கல் கழிந்து வந்த இரண்டாம் சனிக்கிழமை இன்ஜினியர் சாய்குமார் இரண்டு ஆட்களோடும் சுண்ணாம்பு மூட்டையோடும் வந்து இறங்கினார். பள்ளிக்கு விடுமுறை. டீச்சர்கள் யாரும் இல்லை. தேவயானி புதுப்புடவையில் முன்னால் நடந்தாள். பள்ளியின் பெரிய கேட்டுக்கு நேர் எதிரே ஆட்கள் கோடு போட ஆரம்பித்தார்கள்.

அந்தக் கேட் கொடியேற்றும் நாளில் மட்டும் திறக்கும். பிள்ளைகள் தினமும் நூறு கெஜம் தள்ளி, வளைவில் இருக்கும் மதகுப் பக்கம்தான் சாலையைத் தாண்டுவார்கள். ஷேர் ஆட்டோ நிற்பது அங்கே. தேவயானியின் மகன் திருப்பதி ஹாஸ்டலில் படிக்கிறான். அவளுக்கு இது எங்கே தெரியும்?

கன்னிகா எதிர்ச்சாரியில் நின்று பார்த்தாள். போடட்டும். திங்கட்கிழமை ஊரே கேட்கும், எந்த அறிவாளி இங்கே போடச் சொன்னது என்று. சிட்டிபாபு பெஞ்சைத் துடைக்கிறானா பார்க்கலாம். நினைக்கவே நெஞ்சு குளுகுளுவென்றிருந்தது.

ரக்ஷிதா அவள் புடவையை இழுத்தாள். “யம்மா, அங்க இன்னாத்துக்கு கோடு போட்டுகினு கீறாங்க? நாங்க மதகாண்டதான தாண்டுவோம்.”

“சும்மா இரு.”

அப்போதே ஒரு கம்பெனி பஸ் வளைவில் ஹாரன் இல்லாமல் திரும்பியது. மதகை அதே வேகத்தில் கடந்து, சுண்ணாம்பு போடும் ஆட்களைக் கண்ட பிறகுதான் பிரேக் பிடித்தது. கன்னிகாவின் கை தன்னையறியாமல் ரக்ஷிதாவின் தோளைப் பற்றியிருந்தது. அவள் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள்.

சாய்குமார் வரைபடத்தை ஜீப்பின் மேல் விரித்தார். வளைவு, மதகு, ஆட்டோ நிற்கும் இடம். மாலை நான்கு மணியை ஒட்டிய அரைமணி நேரத்தில் பிள்ளைகள் அறுபத்தொன்று, பஸ் பதினான்கு, டிப்பர் இருபத்திரண்டு. “எங்க ஆபீஸ்லகூட இப்படி யாரும் போடமாட்டாங்களே” என்றார் தெலுங்கில்.

தேவயானி காகிதத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு பொட்டு ஈரக்கறை இல்லை.

“நனஞ்சிபோச்சின்னியே?”

“காஞ்சிடுச்சி.”

“நல்லாத்தான் காஞ்சிகீது.”

இடத்தை மாற்றலாம், ஆனால் மனுதாரர் வரைபடத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்றார் சாய்குமார். தேவயானி பேனாவை வாங்கி மூடியைத் திறந்தாள். பிறகு, “வரஞ்சது இந்தப் பொண்ணு சார், இவ பேரும் எழுதட்டுமா?” என்றாள்.

“ஃபைல்ல இல்லாத பேர் வந்தா திருப்பி அனுப்பிடுவாங்கம்மா. அப்புறம் புது அர்ஜி, முதல்லேர்ந்து.”

இருவரும் கன்னிகாவைப் பார்த்தார்கள். அவள் மதகைப் பார்த்தாள்.

“நீயே போடுக்கா.”

ஸ்கேல் வைத்து வரைந்த பள்ளிக்கூடத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்தது தேவயானியின் தெலுங்குக் கையெழுத்து. ஓரமாகக்கூடப் போடத் தெரியவில்லையே என்று கன்னிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றே வாரத்தில் மதகருகே தடை வந்தது, பலகையும் வந்தது. பிள்ளைகள் அதற்குப் பேரும் வைத்துவிட்டார்கள். தேவயானி ஆன்ட்டி பிரேக்கர். ரக்ஷிதாவும் அப்படித்தான் சொன்னாள்.

முதல் நாள் மாலை அவள் மதகருகே நின்று, பழக்கதோஷத்தில் எண்ணினாள். பதினான்கு பஸ்ஸும் வேகம் குறைத்து, ஏறி இறங்கிப் போயின. ரக்ஷிதா தோழிகளோடு ஓடாமல் நடந்தே சாலையைத் தாண்டி வந்தாள். அதன் பின் வந்தது தேவயானியின் ஸ்கூட்டி. தடையில் லேசாகக் குலுங்கிவிட்டுப் போயிற்று.

இன்னும் இரண்டு விரற்கடை உயரமாகப் போட்டிருக்கலாம் என்று கன்னிகாவுக்குத் தோன்றியது.