உப்புப் பார்க்காத கறி

கோழிக்கறிக்குள் சொக்லேற் போடும் நாளொன்று தன் வாழ்க்கையில் வரும் என்று புனிதமலர் எண்ணியிருக்கவில்லை. நவம்பர் இரண்டாம் திகதி பிற்பகல், பலெர்மோவின் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த உணவகத்தின் அடுப்படியில் நின்று, காய்ந்த மிளகாய்களைக் கிள்ளி விதை உதறிக்கொண்டிருந்தாள். கறுத்துச் சுருங்கிய பெரிய மிளகாய்கள், மெக்சிக்கோவிலிருந்து பொதியில் வந்தவை. அவற்றை வறுத்து, எள்ளும் கச்சான் கடலையும் கறுவாவும் கராம்பும் சேர்த்து அரைத்து, கடைசியில் ஒரு துண்டு சொக்லேற்றும் போட்டுக் கோழியைக் கொதிக்க விட்டால் அதற்குப் பெயர் மோலேயாம்.

கடைப் பலகையில் கள்ளிச்செடியும் அகலத் தொப்பியும் வரைந்திருந்தாலும் உள்ளே மெக்சிக்கோக்காரர் ஒருவரும் கிடையாது. முதலாளி சல்வோ பலெர்மோவை விட்டு வெளியே போகாத மனிதர். முன்பு சமைத்தவன் துனிசியாக்காரன். யூடியூப்பில் தான் படித்ததைப் புனிதமலருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுப் பிரான்சுக்குப் போய்விட்டான். அவன் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவள் கிளிநொச்சிக் கைப்பக்குவத்தால் நிரப்பிக்கொண்டாள். "ரொட்டிக்குள்ள இறைச்சிக்கறியை வைச்சு மடிச்சா மெக்சிக்கோ, மடிக்காட்டி வன்னி" என்று அவளுடைய கணவன் குலேந்திரன் பகிடி பண்ணுவான். ஆனாலும் சனம் வந்தது, சாப்பிட்டது, ஆறு வருடமாக ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

பிறகு கேள்வி வந்தது. சிசிலியில் இருக்கும் மெக்சிக்கோக்காரர்களின் இணையக் குழுவொன்றில் யாரோ, "பலெர்மோவில் நிஜமான மெக்சிக்கோ சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டிருந்தார்கள். கத்தானியாவுக்குப் போ என்றார் ஒருவர். ரோமுக்குப் போ என்றார் இன்னொருவர். விமானச்சீட்டு எடு என்றவருக்குத்தான் கைதட்டல் அதிகம். சல்வோவின் கடையைப் பற்றி மாரிசோல் என்ற பெண் எழுதியிருந்தாள்: "பலகையைத் தவிர வேறெதுவும் மெக்சிக்கோ இல்லை. ஆனால் சமைப்பவர் யாரோ, மிளகாய் வறுக்கத் தெரிந்தவர்."

அதற்குப் பிறகு மேசைகள் காலியாகத் தொடங்கின. தை மாதத்தோடு அடுப்பை எடுத்துவிட்டு, குளிர்ந்த சோற்றைக் கிண்ணத்தில் போட்டு விற்கும் கடையாக மாற்றப்போவதாகச் சல்வோ சொன்னார். அதற்குச் சமையல்காரி தேவையில்லை. இந்தக் கடைக்கு வருவதற்கு முன் ஒன்பது வருடம் புனிதமலர் வீடு வீடாகப் போய்க் கிழவர்களைப் பிரட்டி, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றிவிட்டவள். அது கேவலமான வேலை என்று அவள் சொல்லமாட்டாள். ஆனால் அங்கெல்லாம் அவள் யாரோ ஒரு வீட்டுக்காரச் சிநோராவின் கை. இந்த அடுப்பு ஒன்றுக்கு முன்னால்தான் அவள் புனிதமலர்.

சல்வோ ரோசக்காரர். அந்த மாரிசோலையே கடைக்குக் கூப்பிட்டார். வந்தவள் மொழிப் பள்ளியில் ஸ்பானிய மொழி படிப்பிக்கும் மெலிந்த பெண். சாப்பிட்டு முடித்ததும் நேரே அடுப்படிக்கு வந்து, மிளகாய் வறுப்பது யாரென்று கேட்டாள். வைகாசியில் தன் அண்ணன் இறந்துபோனதாகவும், ஊருக்குப் போக முடியவில்லை என்றும், நவம்பர் இரண்டாம் திகதி வரும் இறந்தவர்களின் நாளன்று அவன் படத்துக்கு முன்னால் மோலே வைக்க வேண்டும் என்றும் சொன்னாள். தன்னுடைய சின்ன வீட்டில் மிளகாய் வறுத்தால் அயலவர் பொலிசைக் கூப்பிடுவார்களாம். செய்முறையை எழுதிக் கொடுத்தாள். "சரியாக வந்தால் அதையும் எழுதுவேன்" என்றாள். அவள் போன பிறகு சல்வோ புனிதமலரின் இரண்டு தோளையும் பிடித்து, "அவள் நல்லது என்று எழுதினால் அடுப்பு இருக்கும்" என்றார்.

இப்போது மோலே கொதித்தது. புனிதமலர் உப்புப் போத்தலைத் திறந்து கையில் எடுத்தாள். அந்த நேரம் பார்த்துச் சல்வோ பாண்துண்டோடு உள்ளே வந்து சட்டிக்குள் தோய்க்கப் போனார். அவள் போத்தலை வைத்துவிட்டு அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"வேண்டாம் சிநோர் சல்வோ. இது செத்தவருக்கு."

"தெரியும். ருசி பார்த்தாயா?"

"பார்க்கக் கூடாது. அவர்களுக்கு வைத்த பிறகுதான் நாங்கள் வாயில் வைக்கலாம்."

சல்வோ கூரையைப் பார்த்துக் கைகளை விரித்தார். தன் தாய்க்குக் காலையில்தான் கல்லறையில் பூ வைத்துவிட்டு வந்த மனிதர் அவர். "செத்தவர்கள் இணையத்தில் கருத்து எழுதுவதில்லை, புனிதா!" என்று கத்தினார். அவள் சட்டியை மூடி, மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு பிடிவாதம் தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

ஐந்து மணிக்கு மாரிசோல் பாத்திரத்தோடு வந்தாள். சல்வோ வாயெல்லாம் பல்லாக, "பத்துத் தரம் ருசி பார்த்துத்தான் இறக்கினாள்" என்று கரண்டியை நீட்டினார். மாரிசோல் கரண்டியை வாங்கிக்கொண்டு புனிதமலரைப் பார்த்தாள்.

"பார்த்தீர்களா?"

ஓம் என்று தலையாட்டினால் போதும், அடுப்பு நிற்கும். "இல்லை" என்றாள் புனிதமலர். "ஒருதரமும் பார்க்கவில்லை."

மாரிசோல் கரண்டியை மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்து மணந்துகூடப் பார்க்கவில்லை. "உங்களுக்கு யார் போனது?" என்று கேட்டாள்.

"அப்பா. மாசியில்."

அகதிப் பாஸ்போட்டில் உலகமெல்லாம் போகலாம், ஊருக்கு மட்டும் போக முடியாது என்பதை அவள் சொல்லவில்லை. தகப்பனின் சடங்கை இதே அடுப்படியில் வெங்காயம் வெட்டியபடி போனில் பார்த்ததையும் சொல்லவில்லை. மாரிசோல் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கினாள். சட்டியிலிருந்து முதல் அகப்பையை அதில் ஊற்றி அவளிடம் கொடுத்தாள். "அவருக்கு" என்றாள். "அண்ணனுக்கு வைத்து நானும் சாப்பிட்ட பிறகுதான் எழுதுவேன்."

புனிதமலர் கிண்ணத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு பல்லரோ சந்தைக்குள்ளால் நடந்தாள். தட்டுகளில் சீனியால் செய்த பொம்மைகளும் பாதாம் மாவில் பிடித்த பழங்களும் அடுக்கியிருந்தன; செத்தவர்கள் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்து தருவதாக இந்த ஊர்ச் சனம் சொல்லும். மீன்கடைக்காரன் ஐஸ் கட்டிகளைத் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தான். அந்த இடத்தில்தான் அவளுக்கு உப்புப் போத்தல் நினைவுக்கு வந்தது. கையில் எடுத்தது தெரியும். கீழே வைத்ததும் தெரியும். போட்டாளா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

அல்பெர்கேரியாப் பகுதியில் மூன்றாம் மாடி வீட்டில் குலேந்திரன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். அவள் தன் தகப்பனின் படத்தை அலுமாரியிலிருந்து இறக்கித் துடைத்து, கிண்ணத்தை வைத்து, ஊதுவத்தி கொளுத்தும் வரை பார்த்திருந்தான்.

"உதென்ன கறி, இப்பிடிக் கறுப்பாக் கிடக்கு?"

"மெக்சிக்கோ."

"மாமாவுக்கு உது ஒத்துவருமே?"

"கோழியெண்டா அப்பா விடமாட்டார்."

அவன் குனிந்து பார்த்தான். "இஞ்சேர், உப்புக் கிப்புப் பாத்தனியே?"

"படையலுக்கு ஆரும் பாப்பினமே?"

"பாக்காட்டிப் பரவாயில்லை, போட்டனியோ?"

அவள் படத்துக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். "தெரியேல்லை" என்றாள். மாசிக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது, அதுவும் உப்புக்காக. குலேந்திரன் பகிடி ஒன்றும் விடாமல் பக்கத்தில் வந்து இருந்தான்.

ஏழு மணிபோல மேசையில் கிடந்த போன் அதிர்ந்து நின்றது. உடனே மறுபடி அதிர்ந்தது. வெளிச்சத்தில் சல்வோவின் பெயர் தெரிந்தது. மாரிசோல் எழுதிவிட்டாள் போலும். குலேந்திரன் கையை நீட்டினான்.

"கிடக்கட்டும். ஊதுவத்தி முடியட்டும்" என்றாள் அவள்.

வத்தி இன்னும் அரை விரல் அளவு மிச்சமிருந்தது. அதன் சாம்பல் நீண்டு வளைந்து, விழாமல் நின்றது. கிண்ணத்தில் கறியின் மேல் மெல்லிய ஆடை படரத் தொடங்கியிருந்தது. போன் மூன்றாவது தரமும் அதிர்ந்து, மேசை விளிம்பை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்தது.